கணினியின் கதவைச் சாத்தினோமா?

"பாலாற்றங்கரையில், பழையசீவரத்தில் இருக்கும் நம் வீட்டுக் கணினியை யார் தேடி வரப்போகிறார்கள்?" என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. இது தவறான கணக்கு. ஊடுருவ நினைப்பவன் ஊர் பார்த்து வருவதில்லை. அவன் ஏவிவிட்ட நிரல், இணைய முகவரிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிறது. திறந்திருக்கும் கதவில் நுழைந்துவிடுகிறது.

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய 'வானாக்ரை' இதற்குச் சான்று. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் முதல் ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் வரை அது முடக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. யாரும் எந்த லிங்கையும் தொடத் தேவையிருக்கவில்லை. விண்டோஸில் கோப்புகளைப் பகிர்வதற்கான 445ஆம் எண் வாசல் வழியே தானாகவே கணினிக்குக் கணினி தாவியது. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன், மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. பூட்டு கையில் இருந்தும் போடாமல் விட்டவர்களே பெரும்பாலும் சிக்கினர்.

நம் வீடுகளில் நிலைமை என்ன? தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 கொண்டவையும் உண்டு. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இனி புதிய ஓட்டை தெரியவந்தாலும் பழைய கணினிக்கு வழக்கம்போல் அடைப்பு வராது. அதில் லினக்ஸ் நிறுவலாம். இல்லையேல் இணையம் இணைக்காமல் பிள்ளைகள் தட்டச்சு பழகக் கொடுக்கலாம். வளைகுடாவில் இருக்கும் மகனின் பாஸ்போர்ட் நகல், ஆதார், வீட்டுப் பெண்களின் புகைப்படங்கள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு இணையத்தில் இணைப்பதுதான் ஆபத்து.

மற்ற கணினிகளுக்குச் செலவில்லாத காவல் போதும். தானாக அப்டேட் ஆகும் வசதியும், விண்டோஸுடன் வரும் ஃபயர்வாலும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். வைஃபை பெட்டியுடன் வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். முக்கியக் கோப்புகளுக்குத் தனி ஹார்டு டிஸ்கில் பிரதி எடுத்து, அதைக் கழற்றி வையுங்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவர் ஒரு செயலியை நிறுவச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது நாமே கதவைத் திறந்துவிடுவது.

பிறர் வீட்டில் அனுமதியின்றி நுழையாதீர்கள் என்கிறது அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம். நுழைபவன் குற்றவாளிதான். ஆனால் இரவில் கதவுகளை அடைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியது வீட்டுக்காரரைத்தான். இந்த வார விடுமுறையில் அரை மணி நேரம் ஒதுக்கி, பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு அந்தக் கதவைச் சாத்திவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.