கால் ஊன்றவா சீட்?

சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும், அதுதான் சரியான உயரம் என்கிறார்கள். நிற்கும் சைக்கிளுக்குச் சரி, ஓடும் சைக்கிளுக்கு? அந்த உயரத்தில் முழங்கால் நீளவே வழியில்லாமல் மடங்கியபடியே உழைக்கிறது. முட்டியின் முன்புறம் வலிப்பது பெரும்பாலும் அதனால்தான்.

பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்காலில் சுமார் 25 முதல் 35 பாகை மடிப்பு மிஞ்சும். இடுப்பு இருபுறமும் ஆடினால் உயரம் அதிகம், சற்று இறக்குங்கள்.

‘நிறுத்தும்போது விழுந்துவிட்டால்?’ சீட்டைவிட்டு முன்னால் இறங்கி நில்லுங்கள், அவ்வளவுதான். பழகும் குழந்தைக்குத் தாழ்ந்த சீட் நியாயம். தினமும் வேலைக்கு மிதிப்பவரிடம் அதையே சொல்வது அவர் முட்டிக்குச் செய்யும் துரோகம்.