நெற்றியில் எழுதிய எண்

கேமராவுக்கு மெமரி கார்டு வாங்குகிறவர் முதலில் எத்தனை ஜிபி என்று பார்க்கிறார். அடுத்து, மேலே கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும் வேகத்தைப் பார்க்கிறார். 100ஐவிட 170 உசத்தி, 170ஐவிட 200 உசத்தி என்று கணக்குப் போட்டுக் கூடுதல் பணமும் கொடுக்கிறார். விற்பவர், வாங்குபவர், யூடியூப்பில் யோசனை சொல்பவர் எனப் பலரிடமும் ஊறிப்போன நம்பிக்கை இது. கேமராவைப் பொறுத்தவரை இதில் அனேகமாக உண்மை இல்லை. அந்தப் பெரிய எண் பெரும்பாலும் படிக்கும் வேகம். அதாவது கார்டில் ஏற்கெனவே பதிவானதைக் கணினிக்கு எடுக்கும் வேகம். கேமரா நாள் முழுக்கச் செய்வதோ எழுதும் வேலை. எழுதும் வேகம் என்ன என்று தேடினால் உறையின் பின்புறத்தில், எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் கிடைத்தாலும் கிடைக்கும்.

கார்டின் முகத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் விஷயம் தெளியும். 170 என்ற எண்ணுக்கு அருகே ஒரு சின்ன ரோமன் ஒன்று இருக்கும். யூஎச்எஸ்-1 வகைக் கார்டு என்பதற்கு அதுதான் அடையாளம். எஸ்டி தரநிர்ணயத்தின்படி அந்த வகை இணைப்பின் உச்சவரம்பே நொடிக்கு 104 மெகாபைட்தான். பிறகு 170 எங்கிருந்து வந்தது? தரநிர்ணயத்துக்கு வெளியே தயாரிப்பாளர்கள் தாங்களே வகுத்துக்கொண்ட முறையில், அதற்கு ஒத்துவரும் ரீடரில் செருகினால் கிடைப்பது அது. கேமராக்களுக்குப் பொதுவாக அந்த முறை தெரியாது. அதே முகத்தில் ஒரு மூலையில் 'வி30' என்று இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. வீடியோ பதிவாகும்போது எழுதும் வேகம் நொடிக்கு 30 மெகாபைட்டுக்குக் கீழே இறங்காது என்பது அதன் பொருள். வி60, வி90 என்பனவும் அப்படியே. பெரிய எண் எப்போதாவது எட்டக்கூடிய உச்சத்தைச் சொல்கிறது. பதிவு பாதியில் அறுந்துபோகாமல் காப்பது இந்தக் குறைந்தபட்ச வேகம்தான்.

சோனி ஏ6400 கேமராவை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது யூஎச்எஸ்-1 துளை. 4கே வீடியோவை அது அதிகபட்சம் நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிகிறது. இந்த 100ஐயும் கார்டின் மேலிருக்கும் 100ஐயும் ஒன்றென்று நினைத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆகவே தேவைப்படுவது நொடிக்கு பன்னிரண்டரை மெகாபைட். நேர்மையான ஒரு வி30 கார்டு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். பானசோனிக் ஜிஎச்5 போல 400 மெகாபிட் வரை போகும் கேமராவுக்கு நொடிக்கு 50 மெகாபைட் வேண்டும். அங்கே வி60 வாங்குவது நியாயமான செலவு. எது வேண்டும் என்பதை கேமராவின் கையேடுதான் சொல்கிறது. நாமோ அதைப் பெட்டியோடு பரணில் போட்டுவிடுகிறோம்.

வீடியோவை விடுங்கள், தாலி கட்டும் நேரத்தில் விரலை எடுக்காமல் அடிக்கிறோமே, அதற்கு வேகம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் அந்த வேகத்தை முதலில் தருவது கார்டு அல்ல, கேமராவுக்குள் இருக்கும் பஃபர் நினைவகம். ஏ6400 நொடிக்கு 11 படம் எடுக்கும். ஒரு ரா கோப்பு ஏறத்தாழ 24 மெகாபைட் என்றால் நொடிக்கு 260க்கும் மேல் வந்து குவிகிறது. 104க்கு மேல் போக முடியாத துளையில் எந்தக் கார்டைச் செருகினாலும் இதை உடனுக்குடன் வாங்கிக்கொள்ளாது. நான்கைந்து நொடியில் பஃபர் நிரம்பிவிடும். அது காலியாகும் நேரத்தைக் குறைப்பதில் கார்டுக்குப் பங்கு உண்டு. அதுவும் எழுதும் வேகத்தால், கேமரா இடம் கொடுக்கும் அளவுக்கு மட்டும். பின்புறம் இரண்டு வரிசைத் தொடுமுனை கொண்ட யூஎச்எஸ்-2 கார்டை இதில் போட்டாலும் இரண்டாம் வரிசை வேலையில்லாமல் கிடக்கும். பறவையையும் கிரிக்கெட்டையும் துரத்துகிறவர்களுக்கு யூஎச்எஸ்-2 துளையுள்ள கேமராதான் வழி.

இன்னொரு வாதம் வலுவானது: படங்களைக் கணினிக்கு மாற்றும்போதாவது நேரம் மிச்சமாகுமே என்பது. ஒரே நாளில் இரண்டு முகூர்த்தம் எடுப்பவருக்கு இது பெரிய விஷயம், மறுக்கவில்லை. 128 ஜிபி கார்டை நொடிக்கு 90 மெகாபைட்டில் காலி செய்ய 24 நிமிடம், 170இல் பன்னிரண்டரை நிமிடம். ஆனால் மேசையில் கிடக்கும் பழைய யூஎஸ்பி 2.0 ரீடர் நொடிக்கு நாற்பதைத் தொடுவதே அரிது. அதில் செருகினால் 90 கார்டும் 200 கார்டும் ஒரே மாதிரி ஒரு மணி நேரத்தை விழுங்கும். ரீடரை மாற்றாமல் கார்டை மட்டும் மாற்றியவருக்கு மிச்சமான நேரம் பூஜ்யம்.

கடைசியாக, எண் பெரிதாக இருந்தால் கார்டும் நம்பகமாக இருக்கும், படம் அழியாது என்ற எண்ணம். வேகத்துக்கும் ஆயுளுக்கும் அப்படி ஒரு உறவு கிடையாது. தவிர, போலி கார்டு செய்பவருக்கு 200 என்று அச்சடிக்க 100ஐவிட ஒரு பைசாவும் கூடுதலாக ஆவதில்லை. 16 ஜிபி சில்லுக்கு 128 ஜிபி என்று பொய்சொல்லக் கற்றுக்கொடுத்த கார்டுகள் சந்தையில் உண்டு. உண்மையான கொள்ளளவு தீர்ந்தபின் எடுக்கும் படங்கள் சத்தமில்லாமல் போய்விடும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் கார்டை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்து இதைக் காட்டிக்கொடுக்கின்றன. போகிற போக்கில் உண்மையான எழுதும் வேகத்தையும் சொல்லிவிடும். கடையில் திருப்பிக்கொடுக்க அவகாசம் இருக்கும்போதே இதை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.