பாசியில் டீசல்: இறங்கும் முன் கணக்குப் பாருங்கள்

நுண்பாசியிலிருந்து டீசல் எடுக்கலாம் என்ற செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அது பொய்யல்ல. பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 2012-இல் பாசி எண்ணெய் கலந்த டீசலில் வண்டியையே ஓட்டிக் காட்டியது. உவர்நீரும் வெயிலும் நிறைந்த பழவேற்காடு ஏரிக்கரை இதற்கு ஏற்ற இடம்தானே என்று தோன்றும்.

ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. திறந்த தொட்டியில் பாசி நன்றாக வளர்ந்தாலும், 1,000 லிட்டர் நீரில் உலர் எடையாக ஒரு கிலோ தேறினால் பெரிது. அதில் கால் பங்கு எண்ணெய் என்று வைத்தால் 250 கிராம். ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 3,500 லிட்டர் நீரை இறைத்து, வடித்து, பாசியை உலர்த்த வேண்டும். எண்ணெய் கூடுவதற்குத் தழைச்சத்தைக் குறைத்தால் பாசியின் வளர்ச்சி குன்றிவிடும். அமெரிக்க அரசு 1978-இல் தொடங்கிய ஆய்வு, செலவு கட்டாமல் 1996-இல் நின்றது. 2009-இல் இறங்கிய எக்ஸான் மொபில் நிறுவனமும் பின்னர் விலகிக்கொண்டது.

காட்டாமணக்கு நட்டுப் பார்த்த உழவர்களுக்கு இது புதிய பாடமல்ல. தரிசில் தானாகக் காய்க்கும் என்றார்கள். தண்ணீரும் உரமும் இல்லாமல் விளைச்சல் வரவில்லை.

கைக்கு எட்டும் வழி கழிவில் இருக்கிறது. இறால் தலை, மீன் குடல், செதில் எல்லாம் கரையில் அழுகி நாறுவதைவிடச் சாண எரிவாயுக் கலனுக்குப் போகட்டும். மீன் கழிவை மட்டும் போட்டால் அமோனியா மிகுந்து வாயு குறையும். உப்பு போகக் கழுவி, சாணம், காய்கறிக் கழிவோடு கொஞ்சமாகச் சேருங்கள். 25 கிலோ சாணம் தரும் ஒரு கன மீட்டர் வாயு, அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவான சிலிண்டர் வாயுவுக்குச் சமம். வெளிவரும் கலவை பொன்னேரி வட்டார நெல் வயலுக்கு உரம். வெல்லம் சேர்த்து மீன் அமிலமும் தயாரிக்கலாம். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் மீன் கழிவிலிருந்து குளத்துக்கும் பயிருக்கும் ஊட்டப் பொருள்களை உருவாக்கியிருக்கிறது. அங்கே கேட்டறியலாம்.

ஏரியின் நுண்பாசி சும்மா கிடக்கவில்லை. இறால் குஞ்சும் மடவையும் அதை உண்டுதான் வளர்கின்றன. பாடு முறையில் ஆளுக்கொரு நாள் என்று பகிர்ந்து பிழைக்கும் ஊர்களுக்கு அந்த நீரே சொத்து. ஆகவே பாசித் தொட்டி கட்ட யார் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: தண்ணீர் எங்கிருந்து வரும்? கழிவுநீர் எங்கே போகும்? விளைந்ததை என்ன விலைக்கு வாங்குவீர்கள், எழுதித் தருவீர்களா?

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏதாவது ஒரு மீன் இறங்குதளத்தில் ஒரு கலன் அமையுங்கள். ஓராண்டு வரவு செலவை ஊர் முன் வையுங்கள். கணக்குச் சரியாக இருந்தால் அடுத்த ஊர் தானாகவே கேட்டு வரும்.