பழைய சில்லறை: வாங்குமுன் ஒரு வார்த்தை

கட்டாரில் ஏழு வருடம் உழைத்துவிட்டு மதுரங்குளிக்குத் திரும்பியுள்ள சகோதரர் ஒருவர் அண்மையில் என்னைத் தேடி வந்தார். கையில் மூன்று இலட்சம் ரூபா சேமிப்பு. "நானா, பழைய காசு வாங்கிப் போட்டால் பத்து வருஷத்தில் இரண்டு மடங்காகுமாம். எதை வாங்கலாம்?" என்று கேட்டார். 2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தாண்டியதைக் கண்டவர்களுக்குத் தாள் காசின் மீது நம்பிக்கை குறைந்திருப்பதில் வியப்பில்லை. ஆயினும் மூன்று இலட்சத்தையும் இதில் போடவே கூடாது என்றுதான் நான் சொன்னேன்.

காரணம் எளிது. நாம் வாங்குவது வியாபாரியின் விற்பனை விலையில். விற்க நேரும்போது கிடைப்பதோ அவரது கொள்வனவு விலை. இடையிலுள்ள வித்தியாசம் சிறியதல்ல. அவசரத்துக்கு விற்பதென்றால் இன்னும் குறையும். தங்கத்துக்கு எந்த நகைக்கடையிலும் அன்றைய விலை உண்டு. 1944ஆம் ஆண்டின் 2 சதத்துக்கு அப்படி விலை சொல்ல யாருமில்லை. எனவே மாதாமாதம் கைச்செலவில் மிஞ்சும் தொகையில் செய்ய வேண்டிய காரியம் இது.

அடுத்த தவறு, கண்டதையெல்லாம் வாங்குவது. ஒரு விக்டோரியா சதம், இரண்டு இந்திய அணா, ஏதோ அரபு நாட்டுக் காசு என்று பிஸ்கட் டின்னை நிரப்பி வைத்திருப்போர் எமது பகுதியில் அநேகர். அந்த டின்னை முழுமையாக வாங்க ஒருவரும் வரமாட்டார். ஒரு தொகுதியைத் தெரிவு செய்து அதனை முடித்தவரிடமே வாங்குவோர் வருவர். ஆகவே முடிக்கக்கூடிய தொகுதியாகப் பார்க்க வேண்டும்.

முத்திரைகளை எடுத்துக்கொண்டால், இலங்கையின் முதலாவது முத்திரை 1857 ஏப்ரல் முதலாம் திகதி வெளியான 6 பென்ஸ். 1859இன் மங்கிய ரோஜா நிற 4 பென்ஸ் முத்திரை உலகப் புகழ் பெற்றது. அவை எமது பைக்கு எட்டாதவை. தாள் காசுகளில், ஓவியர் லக்கி சேனாநாயக்க வடிவமைத்த 1979 மார்ச் 26ஆம் திகதியிட்ட விலங்கு, பறவை, தாவரத் தொகுதி மிக அழகானது. 2 ரூபா முதல் 100 ரூபா வரை ஆறே தாள்கள். ஆனால் ஒரு மடிப்பு விழுந்தாலே விலை இறங்கும். களப்புக் காற்றும் ஈரமும் கறையானும் உள்ள எமது வீடுகளில் தாளைக் காப்பது சிரமம். 1970இல் என்.எம். பெரேரா நிதியமைச்சராக இருந்தபோது செல்லாதாக்கப்பட்ட 50, 100 ரூபாத் தாள்களுக்கும் இதே கதிதான்.

என் தெரிவு ஆறாம் ஜோர்ஜ் மன்னர் காலத்துச் சில்லறை. யுத்தம் எப்படி ஒரு நாட்டின் சட்டைப்பையை மாற்றுகிறது என்பதை அவற்றிலே காணலாம். 1942இல் 50 சதம் வெள்ளி. 1943இல் அதே 50 சதம் நிக்கல் கலந்த பித்தளை. 1 சதம் 1942 முதல் மெலிந்துபோனது. 5 சதம் சதுரமாகவும், 1944இன் 2 சதமும் 10 சதமும் விளிம்பு வளைந்து வளைந்தும் வந்தன. உலோகம் போதாமல் 1942இல் 5 சதத்துக்கே தாள் அச்சிட்டார்கள். அதனை 2 சதமாகவும் 3 சதமாகவும் கிழித்துக்கொள்ளலாம்! அத்தாள் இலகுவில் கிடைக்காது, கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். 1951இன் காசுகளில் மன்னரின் "இந்தியப் பேரரசர்" பட்டம் காணாமற் போயிருக்கும். எலிசபெத் மகாராணியின் தலை பொறித்த 2 சதம் 1955, 1957 ஆகிய இரு ஆண்டுகளில் மாத்திரமே வந்தது. அவ்விரண்டையும் வாலாகச் சேர்த்தால் தொகுதி அழகாக முடியும்.

வாங்கும்போது மன்னரின் காதோர முடியையும் 1 சதத்தின் பின்புறமுள்ள தாளிப்பனை ஓலையையும் உற்றுப் பாருங்கள். அவை தேயாதிருந்தால் மட்டுமே கூடுதல் விலை கொடுக்கலாம். பளபளக்கும் காசைக் கண்டால் சந்தேகப்படுங்கள். என் வாப்பா விட்டுச்சென்ற 1942 வெள்ளிக் காசைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிப் புறக்கோட்டைக்குக் கொண்டு போனவன் நான். கடைக்காரர் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வெள்ளியின் எடைக்கே விலை சொன்னார். காசின் மேல் படியும் கருமை அதன் வயதுச் சான்று என்பதை அன்றுதான் அறிந்தேன். மென்மையான பிளாஸ்டிக் உறையில் வைத்தால் பச்சை பிடிக்கும். கடுதாசி உறையும், சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரமுறிஞ்சும் பொட்டலமும் போதும்.

இன்னுமொன்று. கற்பிட்டி முதல் எமது பக்கம் வரை தென்னங்குழி வெட்டும்போது ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசு கிடைத்ததாகச் சொல்லி விற்க வருவோர் உண்டு. ஒல்லாந்தர் இங்கிருந்து போனது 1796இல். 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் கவனிக்கிறது. நிலத்திலிருந்து எடுத்த அத்தகைய பொருள் அரசுக்குரியது. அனுமதிப்பத்திரமின்றி வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லவும் முடியாது. கட்டாருக்குத் திரும்பும்போது நண்பருக்குப் பரிசாகக் கொண்டு போகலாம் என்று எண்ணிவிடாதீர்கள். விற்கும் நோக்கில் சேர்ப்பவர்கள் ஸகாத் கணக்கையும் ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வந்த சகோதரர் முதலில் முகம் சுளித்தார். இரண்டு வாரங்களின் பின் தொலைபேசி எடுத்தார். மூத்தும்மாவின் வெற்றிலைப் பெட்டியின் அடியில் 1944இன் 2 சதம் இரண்டும் ஒரு சதுர 5 சதமும் இருந்தனவாம். கழுவவில்லையே என்று கேட்டேன். இல்லை என்றார். மூன்று இலட்சத்துக்குத் தென்னங்காணி குத்தகைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.