ஒரத்துப்பாளையத்து மதகுகள்

சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே நிற்கும் ஒரத்துப்பாளையம் அணையின் மதகை மூடினால் சாயக்கழிவு தேங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளில் இறங்கும்; திறந்தாலோ கரூர்ச் சீமையின் வயல்களைக் கெடுத்துக் காவிரியில் கலக்கும். பாசனத்தை உத்தேசித்து 1990-களின் தொடக்கத்தில் உபயோகத்துக்கு வந்த அணை, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்புநீருக்குக் குட்டையாகி, தண்ணீரைத் தேக்கவே வேண்டாமென்று ஆயக்கட்டு விவசாயிகளே மன்றாடும் விபரீதத்துக்கு ஆளான பின்னர், அந்த மதகண்டை சும்மா இருப்பது என்ற ஒன்று எவருக்குமே சாத்தியமாக இருக்கவில்லை.

இதை நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட உத்தரவிட்டதை, "கோர்ட்டு தலையிட்டுத் தொழிலைக் கெடுத்துவிட்டது" என்று சொல்வோர் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அந்நாளில் வேலையிழந்து மூட்டையுடன் ஊர் திரும்பிய தொழிலாளியின் துயரம் மெய்யானது. அதை நாம் லேசாக எண்ணவில்லை. ஆனால் தலையீடு அன்றுதான் தொடங்கியது என்பதை ஏற்பதற்கில்லை. வழிப்போக்கன் சும்மா இருப்பது வேறு, காவற்காரன் சும்மா இருப்பது வேறு. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்னும் காவற்காரனை நியமித்தது. 1988-இல் வந்த திருத்தம் ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் அவன் கையில் அதிகாரம் கொடுத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே காட்டிய மௌனம், பட்டறைக்காரருக்குச் சாதகமாகவும் பண்ணையக்காரருக்குப் பாதகமாகவும் செய்யப்பட்ட தலையீடே என்பது நம் தீர்மானமான அபிப்பிராயம்.

இதைவிட நுட்பமான செயலின்மையும் உண்டு. அது செயலின் வேஷம் தரித்து வருவது. பருத்தித் துணியில் சாயம் பிடிப்பதற்கு உப்பு ஏராளமாக வேண்டும். முதலில் கட்டப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நீரின் நிறத்தை ஓரளவு போக்கினவே தவிர, கரைந்த உப்பைத் தொடவில்லை. அதைப் பிரிக்கச் சவ்வூடு வடிகட்டலும், எஞ்சியதை ஆவியாக்கும் கலன்களும் தேவை. கண்ணுக்குத் தெளிந்த நீர் மண்ணைப் பாழாக்குவதில் சளைக்கவில்லை. ஆயினும் "நடவடிக்கை எடுத்துள்ளோம்" என்று கோப்பில் எழுத அது போதுமானதாயிற்று.

1996-இல் கரூர் விவசாயிகள் நியாயஸ்தலத்தின் கதவைத் தட்டினர். 2006 இறுதியில், கழிவு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கிப் படிப்படியாக உயரும் அபராதம் விதிக்கப்பட்டது. 2009-இல் உச்சநீதிமன்றமும் விவசாயிகளின் பக்கமே நின்றது. காவற்காரன் பதினைந்தாண்டு தாமதித்தபடியால்தான் 2011-இன் உத்தரவு அத்தனை கடூரமாக விழ நேர்ந்தது. அதன் பின்னரே அரசு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாகத் தந்தது, சொட்டுக் கழிவும் வெளியேறாத முறை பட்டறைகளில் வேரூன்றியது. பனியன் தொழில் அழிந்துவிடவில்லை.

ஆயினும் வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் இன்றும் கோயமுத்தூரைத் தாண்டும்போதே நகரின் சாக்கடையைச் சுமக்கிறது. மழை பெய்த மறுநாள் திருப்பூருக்குக் கீழே நீர் நிறம் மாறியோடுவதாகப் புகார்களும் ஓயவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்று நீரின் உப்பளவை மாதந்தோறும் அளந்து, கரையோர ஊராட்சி அலுவலகங்களின் சுவரில் ஒட்டட்டும். அளவு மீறினால், ஆயக்கட்டுக்காரர் மறுபடியும் வக்காலத்தோடு சென்னைக்கு ரயிலேறும் முன்னர், குற்றம் செய்த பட்டறையின் மின்இணைப்பைத் துண்டிக்கட்டும்.