கரும்பு டிராக்டரும் பாக்கெட் வரிசையும்

அரவைப் பருவத்தில் கள்ளக்குறிச்சிப் பக்கம் சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். யார்டை இரண்டு மடங்காக்கினால் அரவை கூடுமா? கூடாது. காத்துக்கிடக்கும் கரும்புதான் காய்ந்து எடை குறையும். அதற்குத்தானே கட்டிங் ஆர்டர்! விவசாயிக்குத் தெரிந்த இந்தக் கணக்கு ரவுட்டர் கம்பெனிகளுக்கு ஏனோ புரிவதில்லை.

மெமரி மலிவு என்று, பாக்கெட்டுகளை நிறுத்திவைக்கும் பஃபரைப் பெருக்கிக்கொண்டே போனார்கள். 1 எம்பிபிஎஸ் அப்லோடில் 256 கேபி தேங்கினால் கடைசி பாக்கெட் வெளியேற 2 விநாடி. வெள்ளிமலையில் ஒருவர் கல்யாண வீடியோ ஏற்றினால், அதே இணைப்பில் தம்பியின் ஆன்லைன் வகுப்பு உறைந்து நிற்கும். "பெரிய பிளான் போடுங்க சார்" என்பார்கள். நல்ல வியாபாரம்...

ஜிம் கெட்டிஸ் 2010-லேயே இந்த வியாதிக்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்துவிட்டார். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற மருந்தைத் தந்தார்கள். வரிசையில் 5 மில்லிவிநாடிக்கு மேல் காத்திருப்பது 100 மில்லிவிநாடி நீடித்தால், ஒன்றிரண்டு பாக்கெட்டைத் தூக்கி எறி. அனுப்பும் கணினி தானே வேகத்தைக் குறைக்கும். எறிந்த பாக்கெட்தான் கட்டிங் ஆர்டர். நம்மூர் சரக்கும் உண்டு: சுரத்கல் என்ஐடிகே குழுவின் எஃப்க்யூ-பை 2020-ல் லினக்ஸ் 5.6-ல் சேர்ந்தது.

"பாக்கெட்டைத் தொலைப்பதா?" என்று பதறுகிறவர்கள் சொல்லட்டும், 2 விநாடி கழித்து வரும் குரல் யாருக்கு?

ஓப்பன்டபிள்யூஆர்டி ஏறும் ரவுட்டரில் எஸ்க்யூஎம் போட்டு, அப்லோடு வரம்பை அளந்த வேகத்தில் 90 சதவீதமாக வைத்தால் வரிசை மோடத்தில் தேங்காது. பைசா செலவில்லை. ஆனால் இதை வாடிக்கையாளர் ஏன் தேடி அலைய வேண்டும்? பெட்டியை விற்கிறவர்களே போட்டுத் தரட்டும்.