நடக்கிறார் என்றால் போதுமா?

துறைமுகத்திலிருந்து சரக்குப் பெட்டகங்களை ஏற்றிக்கொண்டு மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் விரையும் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே, காலையும் மாலையும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்த் திரும்பும் தூத்துக்குடி இளைஞர்களில் ஒருவர் சாலையில் விழுந்து, மண்டையில் அடிபட்டுப் பிரக்ஞை இழந்தால், அவருடைய உயிரைக் காப்பாற்ற இந்த மாநிலம் எடுத்துக்கொள்ளும் சிரத்தை முன்னொரு காலத்தில் யாரும் நினைத்தும் பார்த்திராதது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். 1949-ல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவைச் சிகிச்சையைத் தனித் துறையாகத் தொடங்கியபோது, தென்பாண்டிக் கடற்கரையில் அடிபட்டுக் கிடந்தவருக்கு அவ்விரண்டு ஊர்களும் எட்டாத தூரத்தில் இருந்தன. இன்று ஊரிலேயே 2000-ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது; 108 வண்டி வருகிறது; 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கி வைக்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, விபத்து நேர்ந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசே ஏற்றுக்கொள்கிறது. இவற்றில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என் குறை, பிழைத்தவரை வீட்டுக்கு அனுப்பி வைக்கும் நாளைப் பற்றியது.

அன்று அவர் கையில் கொடுக்கப்படும் டிஸ்சார்ஜ் சீட்டில், ஸ்கேனில் தெரிந்த இரத்தக்கட்டின் அளவு இருக்கும். செய்த அறுவைச் சிகிச்சையின் பெயர் இருக்கும். வலிப்பு வராமலிருக்க விழுங்க வேண்டிய மாத்திரைகளின் பட்டியலும் இருக்கும். ஆனால் அந்த மனிதரால் இப்பொழுது எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்ற விஷயம், நான் படித்துப் பார்க்க நேர்ந்த சீட்டுகளில், ‘நடக்கிறார்’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடுகிறது, அதுவும் ஆங்கிலத்தில். இன்னும் கொஞ்சம் விசாரித்தால், “பதினைந்துக்குப் பதினைந்து என்று டாக்டர் சொன்னார்” என்று உறவினர்கள் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். அந்தப் பதினைந்து, கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் 1974-ல், தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், வெளியிட்ட பிரக்ஞை அளவுகோலின் உச்சம். கண் திறத்தல், பேச்சு, கைகால் அசைவு என்ற மூன்றை மட்டும் கவனித்து 3 முதல் 15 வரை எண் தரும் அந்தக் கருவி, எந்தச் செவிலியரும் எந்த இரவிலும் பிரயோகிக்கக்கூடிய எளிமையினாலேயே உலகெங்கும் பரவியது. அதில் பூரண எண் பெற்றவர் விழித்திருக்கிறார், பேச்சில் குழப்பமில்லை, சொன்னதைச் செய்கிறார் என்பது மட்டுமே அதற்குப் பொருள். கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவாரா, ஏணியில் ஏறுவாரா என்பதெல்லாம் அந்த அளவுகோலின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

அப்பால் இருப்பதைப் பார்க்க வேண்டியவர் இயன்முறை மருத்துவர். பிசியோதெரபி என்றால் கை காலைப் பிடித்து மடக்கி நீட்டிவிடுவது என்று நம்மவரில் பலர் இன்னும் எண்ணிக்கொண்டிருப்பதால், அவர் முதலில் செய்யும் பரீட்சை என்ன என்பதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முழங்கையை மெதுவாக நீட்டிப் பார்க்கிறார், பிறகு வேகமாக நீட்டிப் பார்க்கிறார். வேகத்தில் மட்டும் தசை எதிர்த்துப் பிடித்தால் அது மூளையிலிருந்து வரும் இறுக்கம் என்று அறிந்து, அதற்குப் படித்தரம் இட்டு எழுதிக்கொள்கிறார். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிக் கால் பெருவிரலை மேலும் கீழும் அசைத்து, எந்தப் பக்கம் போகிறது என்று கேட்கிறார். பதில் தவறினால், காலில் பலம் முழுமையாக இருந்தபோதிலும் தன் கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வு அவருக்குப் போய்விட்டது, கண்ணை நம்பித்தான் இனி அடி வைக்கிறார் என்று விளங்குகிறது. தட்டின் இடப்பக்கத்துச் சோற்றை உண்ணாமல் வைத்துவிட்டு எழுகிறாரா, வாசல் நிலையில் இடத்தோள் இடிக்கிறதா என்று கவனிக்கிறார். மூளையின் வலப்புறம் காயம்பட்டவர்களில் சிலருக்கு, பார்வை பழுதுபடாமலேயே, இடப்பக்கத்து உலகம் இல்லாமற் போய்விடுவதுண்டு. படுத்திருக்கும்போது சாந்தமாக இருக்கும் கை, டம்ளரை எடுக்க நீளும்போது மட்டும் துள்ளுகிறதா என்றும் பார்க்கிறார். மூச்சடைத்துப் பிராணவாயு இன்றிச் சில நிமிஷங்கள் தவித்துப் பிழைத்தவர்களிடம் இப்படி ஒரு துள்ளல் காணப்படுவதுண்டு. இத்தனையும் பார்த்த பிறகே உட்காரவும், எழவும், நிற்கவும், நடக்கவும் சொல்கிறார்.

இந்த நிற்பதற்கும் நடப்பதற்கும் உரிய அளவுகோல்களில்தான் விவாதத்துக்குரிய விஷயம் இருக்கிறது. கனடாவில் காத்தரின் பெர்க் 1989-ல் வகுத்த சமநிலை அளவுகோல் மிகவும் பிரசித்தமானது: நாற்காலியிலிருந்து எழுதல், கண்ணை மூடி நிற்றல், தரையில் கிடப்பதைக் குனிந்து எடுத்தல், ஒற்றைக்காலில் நிற்றல் என்று 14 காரியங்கள், ஒவ்வொன்றுக்கும் 4, ஆக 56. வயோதிகர்களுக்காக உருவான அதைத் தலையில் அடிபட்ட 25 வயது வாலிபனுக்கு வைத்தால், அவன் 56-ம் வாங்கிவிட்டு, வெளியே வந்து பஸ்ஸைப் பிடிக்க நாலடி ஓடத் தெரியாமல் விழுந்துவிடக்கூடும். இந்தக் குறையைக் கண்டுதான் ஆஸ்திரேலியாவில் காவின் வில்லியம்ஸ் என்ற இயன்முறை மருத்துவரும் அவருடைய சகாக்களும் மூளைக்காயம் பட்டவர்களுக்கென்றே, பின்னோக்கி நடத்தல், குதிகால் தூக்கி நடத்தல், தடையைத் தாண்டுதல், ஓடுதல், துள்ளுதல், மாடிப்படி ஏறி இறங்குதல் ஆகியவற்றைக் கொண்ட வேறோர் அளவுகோலைச் செய்தார்கள். நடந்துகொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பது இன்னொரு சோதனை. பேசுவதற்காக நின்றுவிடும் முதியவர்கள் அடுத்து வரும் மாதங்களில் அதிகமாக விழுகிறார்கள் என்பதை ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1997-ல் எடுத்துக் காட்டினார்கள். காயம்பட்ட மூளையும் ஏறக்குறைய அப்படித்தான், ஒரு சமயத்தில் ஒரு காரியத்துக்குத்தான் அதனிடம் கவனம் இருக்கிறது.

இனி இந்தக் கடற்கரைக்கு வருவோம். வலை இழுக்கும் மீனவர் ஆடுகிற வள்ளத்தில், ஈரப் பலகைமீது, பின்னாலிருப்பவர் கூவுவதைக் காதில் வாங்கிக்கொண்டு நிற்கிறார். துறைமுகத்தில் சரக்குக்குக் கொக்கி மாட்டுபவர் அண்ணாந்து பார்த்தபடியே பின்னடி வைக்க வேண்டும். உப்பளத்துப் பெண், பாத்திகளுக்கு நடுவேயுள்ள குறுகிய வரப்பில், தலையில் சுமையோடு, உச்சிவெயில் வெள்ளை உப்பில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும் வேளையில் நடக்கிறாள். கால் உணர்வை இழந்து கண்ணை நம்பி அடிவைக்கும் ஒருத்திக்கு அந்தக் கண்ணும் கூசிப்போனால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். திரேஸ்புரத்துச் சங்கு குளியாளிகளின் அபாயமோ தனி ரகம். படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்று வாங்கிக்கொண்டு அடியில் நெடுநேரம் இருப்பவர், பதற்றத்தில் மூச்சை அடக்கியபடி சட்டென்று மேலே வந்தால், நெஞ்சில் அடைபட்ட காற்று விரிந்து இரத்தத்தில் புகுந்து குமிழியாக மூளைக்குப் போய்விடலாம். குழாய் தடைப்பட்டால் மூச்சடைப்பினால் மூளை சேதப்படலாம். வெளியே ஒரு கீறல்கூட இல்லாத இவர்களும் மூளைக்காயம் பட்டவர்களே. இத்தகையவர்களை ஆஸ்பத்திரியின் வழவழப்பான தரையில், மின்விசிறிக்குக் கீழே, நிசப்தத்தில் பத்து மீட்டர் நடக்கவிட்டு எடுத்த அளவு, எடுத்த மட்டில் சரியானதே; ஆனால் அவர்கள் திரும்பிப் போகவேண்டிய இடத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதி ஞாபகத்துக்கு வருகிறது. முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், கடைசியாக 1961-ல் நடந்தது வரை, சர்க்கார் இஷ்டப்பட்டபோதெல்லாம் குளிப்பை அறிவித்துவிடவில்லை. முத்துப்பார்களை நிபுணர்கள் முன்கூட்டியே சோதிப்பார்கள். மாதிரிச் சிப்பிகளை எடுத்து, பருவம் எய்தியனவா என்று பார்த்து, கிடைத்த முத்தை விலை மதித்து, அதன் பிறகே தேதி குறிப்பார்கள். சிப்பி கடலுக்குள் எந்த ஸ்திதியில் இருக்கிறது என்பதை அங்கேயே போய்ப் பார்த்து எழுதிய நிர்வாகம், அந்தச் சிப்பியை எடுக்க மூழ்கியவனை அப்படிப் பரிசோதித்து எழுதிய வழக்கத்தை நமக்கு விட்டுச் செல்லவில்லை.

மனிதனை அவனுடைய தொழிலோடு வைத்து அளக்க வேண்டும் என்ற கொள்கை ஒன்றும் நூதனமானதல்ல. வைத்தியத்துக்கு முன்பாகவே சட்டம் அதை எட்டிவிட்டது. விபத்து நஷ்டஈட்டு வழக்கொன்றில் 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, டாக்டர் எழுதித்தரும் ஊனச் சதவிகிதமும் சம்பாதிக்கும் சக்தியின் இழப்பும் ஒன்றல்ல என்று தெளிவாக வகுத்தது. இடக்கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய இழப்பு ஏறக்குறைய முழுமையானது. அரசு குமாஸ்தாவாக இருந்தால் உத்தியோகமே போகாமலும் இருக்கலாம் என்று அத்தீர்ப்பு உதாரணம் காட்டுகிறது. கைக்குச் சொன்ன இந்த நியாயம் மூளைக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஆனால் இழப்பு எவ்வளவு என்று நியாயஸ்தலத்தில் காட்ட வேண்டுமானால் யாராவது அதை அளந்து, தேதியிட்டு எழுதி வைத்திருக்க வேண்டுமல்லவா? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அட்டவணையிட்டிருக்கும் 21 குறைபாடுகளில் மூளைக்காயம் என்ற பெயர் கிடையாது. கைகால் ஊனம் என்றோ பேச்சுக் குறை என்றோ வேறு ஏதாவதொரு வாசல் வழியாகத்தான் இவர்கள் நுழைய வேண்டியிருக்கிறது. கைகால் விளங்கி, பேச்சும் தெளிந்து, அரைமணி நேர வேலையில் மூளை களைத்து உட்கார்ந்துவிடுகிற ஒருவருக்கு எந்த வாசல் என்பது எனக்குப் புரியவில்லை.

இயன்முறை மருத்துவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், வெளிநோயாளி வரிசை எவ்வளவு நீளம், இதற்கெல்லாம் அவகாசம் எங்கே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆயினும் நான் சொல்லும் பரீட்சைகளுக்கு ஸ்கேன் யந்திரம் போலக் கோடி ரூபாய் வேண்டியதில்லை. ஒரு நாற்காலி, ஒரு கைக்கடிகாரம், கொஞ்சம் வெற்றுத்தரை, ஒரு மாடிப்படி போதும். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்ற சோதனை ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அதையே நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னால் இன்னொரு நிமிஷம். நேரம் எடுப்பது விசாரணைதான். என்ன தொழில், எதன்மேல் நிற்பீர்கள், எதைத் தூக்குவீர்கள், பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று கேட்க வேண்டும்; நோயாளியிடம் மட்டும் கேட்டாலும் போதாது, ஏனெனில் காயம்பட்ட மூளை தன் குறையைத் தானே அறியாதிருப்பது சர்வசாதாரணம். “எனக்கு ஒன்றுமில்லை” என்று அவர் சத்தியம் செய்வார். “பழைய மனுஷராக இல்லையே” என்று மனைவி சொல்வாள். அவள் சொல்லையும் பரீட்சை முடிவுகளோடு சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆஸ்பத்திரியில் எடுத்த அளவைத் தமிழில் ஒரு தாளில் எழுதி நோயாளியின் கையில் கொடுத்து, வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர் அதே சோதனைகளை மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் ஓராண்டு முடிவிலும் திரும்பச் செய்து அதே தாளில் பதிவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அவற்றில் ஒரு முறையாவது சோதனை கரையேற்றிய வள்ளத்திலோ உப்பள வரப்பிலோ நடக்கட்டும். ஒருவரைத் திரும்பக் கடலுக்கு அழைத்துப் போகலாமா, சுமை தூக்க விடலாமா என்பதை இன்றைக்குத் தீர்மானிப்பவர்கள் படகுக்காரச் சம்மாட்டியும் உப்பளத்துக் கணக்கப்பிள்ளையுமே. அவர்கள் ஆளை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்து, நடக்கிறானா என்று கேட்டு, நடக்கிறான் என்றதும் அனுப்பிவிடுகிறார்கள், அல்லது பாவம் என்று சொல்லி வேறு ஆளைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.